செல்விக்கு, மொட்டைமாடியிலிருந்து

அன்புள்ள செல்வி,

ஏழு மாதமாக எழுதவில்லை, தப்புதான். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜெயா வழக்கம்போல் ஊரில் இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்: விண்வெளியிலிருந்து அதீத ஆற்றலோடு பாய்ந்துவரும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் எங்கே பிறக்கின்றன என்ற நம் சண்டைதான்.

போன சனிக்கிழமை கரண்ட் போனதும் அண்ணனின் பைனாகுலரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். தெற்கே டிஃப்டா நட்சத்திரத்துக்குக் கீழே, திருநீற்றை விரலால் இழுத்த மாதிரி ஒரு கீற்று. என்ஜிசி 253! 1783-இல் கரோலின் ஹெர்ஷல் கண்டுபிடித்த அதே கேலக்ஸி. ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. கை நடுங்கிவிட்டதடி.

அர்ஜென்டினாவில் மலார்குவே பக்கம் பியர் ஓஜே ஆய்வகம் 3,000 சதுர கிலோமீட்டரில் தண்ணீர்த் தொட்டிகளைப் பரப்பி வைத்திருக்கிறதே, தொட்டிக்கு 12,000 லிட்டர்! மேலே காற்றில் மோதிய காஸ்மிக் கதிரின் சிதறல் அந்தத் தண்ணீரில் நீலமாய் மின்னும். ஆற்றலின் உச்சியில் இருப்பவை ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறாண்டில் ஒன்று வந்தாலே அதிகம், அதனால்தான் அத்தனை இடம். அப்படிப் பிடித்தவற்றில் பத்தில் ஒரு பங்கு, நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கும் கேலக்ஸிகளின் பக்கமாகக் கூடுகிறது என்று 2018-இல் எழுதினார்கள். அந்தப் பட்டியலில் நம் 253-உம் உண்டு.

நீ கருந்துளைதான் என்று அடம்பிடிப்பாய். அதே பட்டியலில் உள்ள என்ஜிசி 4945 கேலக்ஸி, நடுவில் பெரிய கருந்துளை உள்ள உன் சென்டாரஸ் ஏ கேலக்ஸிக்கு வானில் பக்கத்திலேயே இருப்பதால் உன் கட்சியைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் யோசித்துப் பார். வேகமாகப் பிறக்கும் இடத்தில் பெரிய நட்சத்திரங்கள் வேகமாகச் சாகவும் செய்யும், மேக்னடார்களை, அதாவது பயங்கரக் காந்தப்புலம் கொண்ட நட்சத்திர மிச்சங்களை, விட்டுவிட்டுப் போகும். 2020 ஏப்ரல் 15 அன்று 253-இன் பக்கமிருந்தே ஒரு மேக்னடார் வெடிப்பின் காமாக் கதிர் வந்தது. என் நம்பிக்கை அங்கேதான்.

ஒன்று மட்டும் தூங்கவிடவில்லை. இந்தத் துகள்களுக்கு மின்னூட்டம் உண்டு, வழிநெடுக காந்தப்புலம் வளைத்துவிடும், வந்த திசையை வைத்துப் பிறந்த இடத்தை நிச்சயமாகச் சொல்ல முடியாது. கனமான அணுக்கரு என்றால் இன்னும் மோசம். 2021 மே 27-இல் அமெரிக்காவின் யூட்டாவில் சிக்கிய அமதெராசு என்ற ஒற்றைக் காஸ்மிக் கதிர்த் துகளிடம், ஒரு கிலோ அரிசியை நம் மாடிக்குத் தூக்கும் ஆற்றல் இருந்தது. வந்த திசையில் பார்த்தால் வெறும் வெற்றிடம்! கண்டுபிடிப்பு என்று சொல்ல, தற்செயல் இல்லை என்ற உறுதியை அளக்கும் கணக்கில் ஐந்து சிக்மா வேண்டும். ஓஜே நாலு பக்கமே நிற்கிறது. நம் காலத்திலேயே தெரிந்துவிட வேண்டும், செல்வி.

டிசம்பரில் வரும்போது உன் ட்ரைபாடைக் கொண்டுவா. ஜெயாவிடம் மூச்சு விடாதே, அவள் வந்தால் நமக்கு முறையே வராது.

அன்புடன்,
வசந்தா