கயல் விஷயமாக

தாணே
ஞாயிற்றுக்கிழமை

ஏட்டி சுந்தரி,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பேராச்சி சொன்னாள், சந்தோஷம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள். மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்த விஷயம் போனில் பேசி முடிகிறது இல்லை.

உன் மகள் கயல் என்னைக் கூப்பிட்டாள். மறுநாளே நீயும் கூப்பிட்டாய். "வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் எங்கேயோ போய் சேவை செய்யப்போறாளாம், நீ சொன்னா கேப்பா, புத்தி சொல்லு" என்றாய். அதோடு விட்டாயா, எங்கள் பில்டிங்கில் தங்கியிருந்த அமெரிக்காப் பெண்ணையும் சேர்த்து வைதாய். "அவ பழக்கிவிட்ட பழக்கம். அவங்கல்லாம் குடிசைப் பிள்ளைகளோட போட்டோ எடுத்துக்கிட்டுப் போக வர்றவங்கட்டி." அன்றைக்கு நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். கயலுக்கு நான் புத்தி சொல்லப்போவதில்லை. சொல்வதென்றால் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் போன வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு வருஷம் இருந்தாள். அவள் யூதப் பெண் என்பதும், யூத இளைஞர்களை வெளிநாட்டுக்குச் சேவைக்கு அனுப்புகிற ஓர் ஏற்பாட்டில் வந்தவள் என்பதும் உனக்குத் தெரியும். அனுப்பியது ஜே.டி.சி. என்கிற அமைப்பு. அதன் கதையைக் கேட்டால் நீ இவ்வளவு லேசாகப் பேசமாட்டாய். 1914இல், முதல் உலகப்போர் தொடங்கிய சமயம், துருக்கியில் அமெரிக்கத் தூதராக இருந்த மார்கெந்தோ நியூயார்க்குக்கு ஒரு தந்தி அடித்தார். பாலஸ்தீனத்து யூதர்கள் பட்டினியில் சாகப்போகிறார்கள், உடனே 50,000 டாலர் வேண்டும் என்று. பணம் திரண்டது, அந்த வருஷமே அமைப்பும் பிறந்தது. அன்றிலிருந்து எந்த நாட்டில் யூதர்கள் கஷ்டப்பட்டாலும் அங்கே போய் நிற்கிறார்கள். யூதர் அல்லாதவர்களுக்கும் பேரிடர் காலங்களில் உதவுகிறார்கள். அதில் இளைஞர்களுக்கான பிரிவுக்கு என்ட்வைன் என்று பெயர். இருபதுகளில் இருக்கிற பிள்ளைகளை ஒரு வருஷத்துக்கு வேறொரு நாட்டில் கொண்டுபோய் விடுவார்கள். நம்ம பெண்ணுக்கு மும்பை வாய்த்தது.

இங்கே வந்து என்ன செய்தாள் என்று கேட்கிறாயா? நான் கல்வாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறேனே, அங்கேதான் வந்தாள். மும்பையை ஒட்டிய எங்கள் தாணேயிலிருந்து கடற்கழியைத் தாண்டினால் கல்வா. பார்சிக் மலைச்சரிவு முழுக்கக் குடிசை. வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சுடச்சுடச் சாப்பாடு உண்டு, அதைச் சமைப்பதும் அங்கேயே இருக்கிற பெண்கள்தான். காப்ரியேல் ப்ராஜெக்ட் மும்பை என்று 2012இல் ஓர் இஸ்ரேல்காரர் தொடங்கியதும் இதே கல்வாவில், இதே மாதிரி வேலைதான்: படிக்க வந்தால் வயிறும் நிறையும். நம் ஊர் மதிய உணவுக் கதையை இவர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும் என்று நீ கேட்பாய். வேண்டாம்தான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கே போகாத பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைக்க அந்தத் தட்டுதான் முதல் வழி என்பது இங்கே தினமும் கண்ணால் பார்க்கிற உண்மை.

வந்த புதிதில் அவள் பை நிறைய வண்ண அட்டையும் விளையாட்டுச் சாமானும் கொண்டுவந்தாள். வகுப்பு நடத்துகிற தாயி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நல்லா இருக்கு. ஆனா எனக்கு வேண்டியது வேற" என்றாள். பின்வரிசையில் மூன்று பிள்ளைகள். 'பி'யும் 'டி'யும் இன்னும் குழம்புகிற பிள்ளைகள். நாற்பது பேரை வைத்துக்கொண்டு தாயியால் அவர்களோடு உட்கார முடியவில்லை. "நீ தினமும் அவங்களோட உக்காந்து படி. அது போதும்." அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த வேலை. தரையில் சாக்கை விரித்து, ஒரே படப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படிக்கவைத்தாள். மழை ஒழுகுகிற நாளிலும் வந்தாள். மூவரில் நடுவில் உட்காருகிறவன் தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள், சமோசா கட்டி வந்த ஆங்கிலப் பேப்பர் துண்டிலிருந்து ஒரு முழு வார்த்தையைத் தானாகவே படித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த நேரத்தில் அங்கே யாரும் போட்டோ எடுக்கவில்லை, சுந்தரி.

நீ சொன்ன போட்டோக் கூட்டமும் உண்டு, அதை மறைக்கவில்லை. அவர்களைக் கண்டால் உன்னைவிட எனக்குத்தான் கோபம் வரும். பெயர் வேண்டாம், ஒரு குழு ஒரு வாரத்துக்கு வந்தது. அந்த மழைக்காலத்துக்கு முன்னால்தான் பெயின்ட் அடித்த சுவரை மறுபடி அடித்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கடைசி நாள் வேன் கிளம்பியதும் சின்னதுகள் பின்னாலேயே ஓடிப்போய் அழுதன. அடுத்த ரெண்டு நாள் வகுப்பே நடக்கவில்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரமாகக் குவிந்து கிடந்த பழந்துணி நினைவிருக்கிறதா? கேட்காமல் கொட்டிய அன்பு. மீனவப் பெண்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்களே. அந்தப் பழந்துணிக்குச் சமம்தான் இந்த ஒருவார சேவை என்பேன். கயல் அப்படி ஒன்றுக்குப் போவதாக இருந்தால் நானே அவள் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவேன்.

ஆனால் ஒரு வருஷம் என்பது வேறு. முதல் மூன்று மாதம் உதவியே இல்லை, இவர்களுக்கு நாம்தான் உதவ வேண்டியிருக்கும். ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் எங்கே நிற்கும் என்பதிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பிள்ளைகளின் பெயரும் வீடும் தெரிகிறது, எந்த வீட்டில் அப்பன் குடிக்கிறான் என்று தெரிகிறது. வேலை தொடங்குவதே அங்கிருந்துதான்.

அவள் அண்ணன் கதையைக் கேட்டுத்தான் எனக்கு இதெல்லாம் இன்னும் நன்றாக விளங்கியது. அவன் ருவாண்டாவில் ஒரு வருஷம் இருந்தவன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கமே போய்விட்டது. 1994 ஏப்ரலில் தொடங்கி நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேரைக் கொன்றுபோட்ட நாடு. பக்கத்து வீட்டுக்காரனே வெட்டினான். பிள்ளைகள் அநாதையாக நின்றார்கள். 2005இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆன் ஹேமன் என்கிற வழக்கறிஞர் அம்மா இதைப் பற்றி ஓர் உரையைக் கேட்டார். அந்த நாட்டுக்கு இப்போது பெரிய பிரச்சினை இத்தனை அநாதைப் பிள்ளைகளை என்ன செய்வது என்பதுதான் என்று பேசியவர் சொன்னாராம். அந்த அம்மாவுக்கு உடனே தோன்றியது, ஹிட்லர் கொன்றுபோட்டவர்களின் பிள்ளைகளை இஸ்ரேல் எப்படி வளர்த்தது என்பது. அங்கே அதற்காகவே இளைஞர் கிராமங்கள் உண்டு. ஹைஃபா பக்கத்தில் கார்மல் மலைமேல் 1953இல் தொடங்கிய யெமின் ஓர்டே அப்படி ஒன்று. அதையே மாதிரியாக வைத்துக்கொண்டு ருவாண்டாவில் 144 ஏக்கர் வாங்கினார். 2008 டிசம்பரில் அகஹோசோ-ஷாலோம் கிராமம் திறந்தது.

அங்கே ஹாஸ்டல் மாதிரி வரிசைக் கட்டில் கிடையாது. வீடு வீடாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அம்மா. தொடக்கத்தில் அந்த அம்மாக்களில் பலர் தாங்களே புருஷனையும் பிள்ளையையும் அந்தப் படுகொலையில் பறிகொடுத்தவர்கள். பிள்ளையிழந்த தாய்க்குத் தாயிழந்த பிள்ளைகள். எழுதும்போதே எனக்கு என்னவோ செய்கிறது. அம்மாவுக்கு அடுத்து அந்த ஊர்க்காரரே ஓர் அண்ணனோ அக்காவோ. வெளிநாட்டிலிருந்து வருகிற தொண்டருக்கு மூன்றாவது இடம்தான், அவருக்கு 'கசின்' என்று பெயர். எவ்வளவு சரியான இடம் பார்! அப்பாவும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒரு வருஷம் வந்து தங்கிவிட்டுப் போகிற அத்தை பிள்ளை. பிள்ளைகளும் சும்மா வாங்கிக்கொண்டு உட்காருவதில்லை, சுற்றியிருக்கிற ஊர்களுக்குப் போய் அவர்களும் வேலை செய்ய வேண்டும். இப்போது ஐந்நூறு பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். படுகொலைக்கு அப்புறம் பிறந்தவர்கள்தான் எல்லாரும், வேறு வேறு கஷ்டத்திலிருந்து வருகிறவர்கள்.

ஹேமன் அம்மா 2014 தொடக்கத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். கிராமம் நிற்கவில்லை. ருவாண்டாக்காரர்கள் கையில் நிர்வாகம் இருந்தது, நடந்துகொண்டே இருக்கிறது. அதே வருஷம் கிராமத்து நிலத்தில் 8.5 மெகாவாட் சூரிய மின்நிலையமும் வந்தது. மேலிருந்து பார்த்தால் பலகைகள் ஆப்பிரிக்கா வரைபடம் போல நிற்குமாம். அந்த நிலத்து வாடகை கிராமச் செலவுக்கு ஆகிறது. தொடங்கினவர் போனபின்னும் ஓடுகிறதா என்று பார்ப்பதைவிட வேறென்ன சோதனை வேண்டும்?

நேபாளத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது. ராணுவத்தில் கட்டாய சேவை முடித்த இஸ்ரேல் பிள்ளைகள் முதுகுப்பையோடு இமாச்சலத்திலும் நேபாளத்திலும் சுற்றுவதை நீயே குலு டூரில் பார்த்திருக்கிறாய், "இதுகளுக்கு வீடு வாசல் இல்லையா" என்று கேட்டாயே. அந்தப் பிள்ளைகளை மலைக்கிராமங்களில் வேலைக்கு நிறுத்தலாம் என்று மீகா ஓடன்ஹைமர் என்கிற ராபி, அதாவது யூத மதகுரு, 2007இல் தொடங்கினார், தெவெல் பெட்செதெக் என்று பெயர்.

சரி, "விமானத்துக்குப் போடுகிற காசை இங்கேயே கொடுத்தால் நாலு டீச்சருக்குச் சம்பளம் ஆகுமே" என்று உன் வீட்டு அத்தான் கேட்பார், எனக்குத் தெரியும். ஒருவார டூருக்கு அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இதே சண்டை அவர்களுக்குள்ளேயும் உண்டு. உன் ஊர் ஏழைக்கே முதல் உரிமை என்று அவர்களுடைய சமயச் சட்டநூலான தால்முத்தே சொல்கிறது, அப்படியிருக்க எங்கேயோ இருக்கிற ஊருக்கு ஏன் போக வேண்டும் என்று அவள் தாத்தாவே சண்டை போட்டாராம். இன்னொரு பக்கம் அவர்களுடைய பெரியவர்களுக்கு ஒரு பயம். பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை, பண்டிகை தெரிவதில்லை, இன்னும் ஒரு தலைமுறையில் என்ன மிஞ்சும் என்ற பயம். பிள்ளைகள் யூதர்களாகவே சேர்ந்து ஒரு நல்ல காரியத்தில் இறங்கினால் பிடிப்பு வரும் என்று நம்பித்தான் செல்வந்தர்கள் காசு போடுகிறார்கள். அந்தக் காசு டீச்சர் சம்பளத்துக்கென்று கேட்டால் வந்திருக்காது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஏழைப் பிள்ளையின் வகுப்பறை இன்னொருவர் பிள்ளைக்குப் பயிற்சிக்கூடம் ஆகிவிடக் கூடாது. அந்தக் கவலை எனக்குக் கடைசி வரை இருந்தது, அவளிடமும் சொன்னேன். தனக்கும் அதே கவலைதான் என்றாள்.

ஆனால் அவளுக்கு அந்தப் பிடிப்பு வந்ததை நான் பார்த்தேன். வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்குகூட ஏற்றாத பெண். இங்கே வந்தபின் தாணேயில் இருக்கிற பெனே இஸ்ரேல் குடும்பங்களோடு பழகினாள். நூற்றாண்டுக் கணக்காகக் கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்றே பெயர் வாங்கிய யூதர்கள். பேசுவது மராத்தி, பெயர் திவேகர், பேண்கர் என்று ஊரைச் சொல்லும். 1948க்கு அப்புறம் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் சில ஆயிரம்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னையும் கூட்டிப்போனாள். திராட்சை மது கிடைக்காத காலத்திலிருந்து வந்த வழக்கமாம், உலர்ந்த கறுப்பு திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றை வைத்துப் பிரார்த்தனை சொன்னார்கள். இன்னொரு நாள் மலிதா. ஊறவைத்த அவல், தேங்காய்த்துருவல், சர்க்கரை, ஏலக்காய், சுற்றிலும் பழங்கள், எலியா தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்லிப் படைப்பது. தட்டை என் முன்னால் வைத்ததும் எனக்கு உன் அம்மா கோகுலாஷ்டமிக்குச் செய்கிற அவல்தான் ஞாபகம் வந்தது. அந்த வீட்டுப் பாட்டி இவள் கன்னத்தைத் தடவி, "நீ எங்க பிள்ளைதான்" என்று மராத்தியில் சொன்னாள். இவள் அழுதுவிட்டாள். இவ்வளவு தூரம் வந்துதான் தன் வீட்டுக்காரர்களைக் கண்டுபிடித்தாள்.

இப்போது கயலுக்கு வருவோம். அவளுக்கு இருபத்துநாலு. இந்த யூத அமைப்புகளில் அவள் சேர முடியாது, அது அவர்கள் பிள்ளைகளுக்கு. அதைச் சொன்னதும், "நமக்கு ஏன் அத்தை இப்படி ஒண்ணு இல்லை?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நம் பிள்ளைகள் டாலஸிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், தமிழ்ச் சங்கம் இல்லாத ஊர் இல்லை, பொங்கல் விழாவுக்குக் காசு திரள்கிறது. ஒரு வருஷம் ஒரு பிள்ளையை மலையகத் தோட்டத்திலோ முல்லைத்தீவிலோ உட்காரவைத்து அங்கிருக்கிற டீச்சருக்குக் கீழே வேலை செய்யவைக்க நம்மால் முடியாதா? முடியும் என்று நான் நினைக்கிறேன். நம் செட்டில் மணியும் எஸ்தரும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் எழுதப்போகிறேன்.

கயலிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி. உன்னை அங்கே கூப்பிட்டது யார்? உனக்கு மேலே உத்தரவு போடுகிறவர் அந்த ஊர்க்காரரா? நீ கிளம்பிய மறுநாள் அந்த வேலையை யார் செய்வார்? இதற்குப் பதில் கொண்டுவருகிற வரை ராஜினாமா எழுதாதே என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டாள். உன் பிள்ளை நீ நினைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறாள்.

நீ ஒன்று செய். டிசம்பரில் அவளுக்கு லீவு இருக்கிறது, இங்கே அனுப்பு. கல்வாவில் தாயிக்கு இப்போது ஒரு கை குறைகிறது, அந்த மூன்று பேரில் ரெண்டு பேர் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் படிக்கிறார்கள். கயல் சாக்கில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் பொங்கலுக்குள் அவளே வேலைக்குத் திரும்பிவிடுவாள், உனக்கும் நிம்மதி. பிடித்துவிட்டால் நீயும் நானும் உட்கார்ந்து பேசுவோம், அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாமல்.

திருநெல்வேலியிலிருந்து தாதர் எக்ஸ்பிரஸில் போடு, கல்யாணுக்கு இவர் வந்து கூட்டிக்கொள்வார். வருகிறபோது அரைக்கிலோ கருப்பட்டியும் கொஞ்சம் சுக்கும் கொடுத்துவிடு, மருமகளுக்கு. தேதி முடிவானதும் ஒரு மெசேஜ் போடு.

உன்
பாக்கியம்