மூன்று 'அற்றது': அறிவியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன வாரம் என் மகளுக்கு ஒரு மார்க் போய்விட்டது. 'நீரின் பண்புகளை எழுதுக' என்ற கேள்விக்கு அவள் 'லேசான நீல நிறம் உடையது' என்று எழுதியிருக்கிறாள், ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே 'நிறமற்றது' என்று எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. புத்தகத்தில் இருப்பதை வைத்துத்தானே அவர் திருத்த முடியும்? அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

அவள் விளையாட்டுக்காக அப்படி எழுதவில்லை. கூரை போட்ட ஒரு நீச்சல் குளத்தில், தரையும் சுவரும் வெள்ளை டைல்ஸாக இருந்தும், ஆழமான பக்கம் மட்டும் இளநீலமாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். வானம்தான் தண்ணீரில் தெரிகிறது என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். "அங்கே வானமே இல்லையேப்பா" என்றாள். மாட்டிக்கொண்டேன். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நீர் மூலக்கூறு சிவப்பு ஒளியைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது, ஒரு டம்ளரில் அது கண்ணுக்குத் தெரியாது, சில மீட்டர் ஆழம் சேர்ந்தால் மிஞ்சுகிற நீலம் தெரிய ஆரம்பிக்கும். ஆக, அவள் எழுதியது சரி, புத்தகம்தான் தப்பு.

அந்த ஒரு மார்க்குக்காக மட்டும் இவ்வளவு நீளமாக எழுதவில்லை. நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்று மூன்று 'அற்றது' போட்டுத்தான் தண்ணீரைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறீர்கள். ஒருவரைச் சபையில் அறிமுகப்படுத்தும்போது 'இவருக்குப் பாட வராது, ஓட வராது, பேச வராது' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டால் எப்படி இருக்கும்? வராததை எல்லாம் சொன்னீர்கள், வருவதை எப்போது சொல்வீர்கள்?

பனிக்கட்டி மிதப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் ஒரு வரியில் வருகிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாங்கள் வீட்டில் மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றி, உருகிய மெழுகுக்குள் ஒரு துண்டு கெட்டி மெழுகைப் போட்டோம். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து டம்ளரில் பனிக்கட்டி தலையை நீட்டிக்கொண்டு மிதக்கிறது. மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், பத்து நிமிடம் பேச்சே இல்லை. பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும், அடர்த்தியாகும், மூழ்கும். தண்ணீரோ உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. அதன் அடர்த்தி உச்சத்தில் இருப்பது உறையும் 0 டிகிரியில் அல்ல, 4 டிகிரி செல்சியஸில். அதனால் கடுங்குளிரில் ஓர் ஏரி மேலிருந்துதான் உறைகிறது, அந்தப் பனிப்படலமே கீழே உள்ள தண்ணீருக்குப் போர்வையாகிவிடுகிறது, அடியில் 4 டிகிரித் தண்ணீரில் மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கிறது. பனிக்கட்டி மூழ்கக்கூடியதாக இருந்தால் அது அடியில் சேர்ந்து சேர்ந்து, ஏரி கீழிருந்து மேலாகக் கட்டியாகியிருக்கும். மீனுக்கு ஒதுங்க இடம் ஏது?

சரி, தண்ணீர் திரவமாக இருப்பதே ஒரு வினோதம்தான். அதற்கு நெருங்கிய உறவான ஹைட்ரஜன் சல்பைடு (ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகம்), அதன் மூலக்கூறு எடையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். நியாயமாகப் பார்த்தால் எடை குறைந்த தண்ணீர் அதற்கும் முன்னாலேயே ஆவியாகிப் போயிருக்க வேண்டும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பால்தான் அது 100 டிகிரிவரை தாக்குப்பிடிக்கிறது. கடல் கடலாக இருப்பதும் அதனால்தான்.

எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை வருவது ஒளிச்சேர்க்கைப் படத்தைப் பார்க்கும்போது. இலைக்குள் கார்பன் டை ஆக்சைடு போகிற அம்பு, இலையிலிருந்து ஆக்சிஜன் வருகிற அம்பு, வேருக்குப் பக்கத்தில் செடிக்குத் தாகம் தீர்க்க வந்தது மாதிரி ஒரு பூவாளி. அந்தப் படத்தைப் பார்க்கிற எந்தப் பிள்ளையும், ஏன் நானும் நாற்பது வயதுவரை, உள்ளே போன கார்பன் டை ஆக்சைடிலிருந்துதான் ஆக்சிஜன் வெளியே வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். 1941-இல் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் என்ற விஞ்ஞானிகளும் கூட்டாளிகளும், சாதாரண ஆக்சிஜனைவிடக் கொஞ்சம் கனமான ஆக்சிஜன்-18 என்ற வகையை அடையாளமாகச் சேர்த்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்த ஆக்சிஜனில் அந்த அடையாளம் அப்படியே இருந்தது. செடி உடைப்பது தண்ணீரை. இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது நீங்கள் இழுக்கிற மூச்சில் இருக்கும் ஆக்சிஜன் ஒரு காலத்தில் தண்ணீராக இருந்தது. இதைவிடப் பெரிய செய்தி அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? பூவாளியை எடுத்துவிட்டு அங்கிருந்து ஓர் அம்பு போட எவ்வளவு மை செலவாகும்?

'சுவையற்றது' பற்றியும் ஒரு வார்த்தை. நாம் குடிக்கிற தண்ணீருக்குச் சுவை இருக்கிறது, அதில் கரைந்திருக்கும் உப்புகளால். பலதையும் தன்னுள் கரைத்துச் சுமந்துபோகிற அந்தக் குணத்தால்தான் உடம்பே ஓடுகிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்கு ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஏறக்குறைய அத்தனையையும் திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகிறது. தண்ணீரின் அருமை உங்கள் புத்தகத்தைவிடச் சிறுநீரகத்துக்குத் தெரிந்திருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாடத்தின் கடைசியில் கட்டம் கட்டி 'நீரைச் சேமிப்போம்' என்று போடுகிறீர்களே, அதற்கு முன்னால் இதையும் போடுங்கள். பூமியை 22 சென்டிமீட்டர் கால்பந்தாக வைத்துக்கொண்டால், கடல் உட்பட மொத்தத் தண்ணீரையும் உருட்டினால் இரண்டரை சென்டிமீட்டர்கூட வராத ஒரு கோலிக்குண்டு. ஏரிகளிலும் ஆறுகளிலும் இருப்பதை மட்டும் உருட்டினால் ஒரு மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. உப்புநீர் 97 சதவீதம், நன்னீர் 3 சதவீதம் என்று வட்டப்படம் போட்டுப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண வைப்பதற்குப் பதில், ஒரு பந்தையும் ஒரு கடுகையும் வரைந்துவிட்டால் போதும், எந்தப் பிள்ளைக்கும் யாரும் அறிவுரை சொல்ல வேண்டியிருக்காது.

மகள் அந்த விடைத்தாளைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறாள். அடுத்த பதிப்பு வந்ததும் புத்தகத்தோடு எடுத்துப்போய் அந்த மார்க்கைத் திரும்பக் கேட்கப் போகிறாளாம்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா