ஓட்டு இருக்கு, சீட்டு இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

நம்ம ஊர் அரசியல் ரெண்டா பிளந்து கெடக்குன்னு தலைவர்களைத்தான் எல்லாரும் திட்டுறோம், ஆனா நம்ம தேர்தல் முறையும் டிவி சேனல்களும் சேர்ந்துதான் இதை ஊதி ஊதி பெருசாக்குதுங்கறதை யாரும் பேச மாட்டேங்குறாங்க, அதான் எழுதுறேன்.

2014 லோக்சபா தேர்தல்ல திமுக தனியா வாங்கின ஓட்டு 23 சதவீதத்துக்கு மேல, கிடைச்ச சீட் ஒண்ணு கூட இல்ல. 44 சதவீதம் வாங்கின அதிமுகவுக்கு தமிழ்நாட்டோட 39 சீட்ல 37. 2024ல அப்படியே தலைகீழ், 39ம் திமுக கூட்டணிக்குப் போச்சு. அதிமுக 20 சதவீதம், பாஜக 11, நாம் தமிழர் 8, மூணையும் கூட்டினா பத்துல நாலு பேர் போட்ட ஓட்டு, அவங்க சார்பா டெல்லிக்குப் போக ஒரு எம்.பி. இல்ல. சட்டசபையிலயும் இதே கதைதான், 1991ல அதிமுக காங்கிரஸ் கூட்டணிக்கு 234ல 225, அஞ்சே வருஷத்துல 1996ல அதிமுகவுக்கு மிஞ்சினது 4.

இவ்ளோ சீட்டோட உள்ள வர்றவங்களுக்கு எதிர்க்கட்சி சொல்றதை கேக்கணும்னு எந்த அவசியமும் கிடையாது. எதிர்க்கட்சிக்கும் வெளிநடப்பை விட்டா வேற வழி இல்ல. அப்புறம் என்ன, வந்ததும் முந்தினவங்க செஞ்சதை கலைக்கிறதுதான் முதல் வேலை. 2011ல அதிமுக ஆட்சிக்கு வந்ததும், திமுக கொண்டு வந்த சமச்சீர் கல்விக்கு, அதான் எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம், அதுக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? போன ஆட்சியில அச்சடிச்ச புத்தகம் கட்டு கட்டா கெடக்கு, ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைங்க புத்தகமே இல்லாம உக்காந்திருந்தாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஆகஸ்ட் 9ம் தேதி தீர்ப்பு வந்த பிறகுதான் கைக்கு வந்துச்சு. வந்ததுலயும் போன ஆட்சி சம்பந்தப்பட்ட பக்கமெல்லாம் ஸ்டிக்கர். என் பொண்ணு அதை லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு அடியில என்ன இருக்குன்னு படிக்கப் பாத்தா, முடியலன்னு நகத்தால சொரண்டினா. கட்சிக்காரங்க சண்டைக்கு பிள்ளைங்க பாடப் புத்தகமா கிடைச்சுது? இது ஒரு கட்சி மட்டும் பண்ற வேலை இல்ல, அதிமுக ஆட்சியில திறந்த அம்மா மினி கிளினிக்கை 2022 ஜனவரியில மூடினது திமுக ஆட்சி.

டிவி கதை இன்னும் மோசம். 1993ல சன், 1999ல ஜெயா, 2007ல கலைஞர், இதோட மக்கள், கேப்டன்னு கட்சிக்கும் கட்சிக் குடும்பத்துக்கும் ஆளுக்கொரு சேனல். சபையில தகராறு நடந்த அன்னிக்கு ராத்திரி நியூஸை மாத்தி மாத்தி பாருங்க, ஒண்ணுல அமைச்சர் பதில் சொல்றது மட்டும் வரும், இன்னொண்ணுல சட்டையைக் கசக்கிட்டு வெளிய வர்ற எம்.எல்.ஏ. மட்டும் வரும், என்ன கேள்வி கேட்டாங்க அதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு முழுசா ரெண்டுலயும் வராது. எங்க வீட்லயே மாமா ஒரு சேனல், வீட்டுக்காரர் ஒரு சேனல், ஒருத்தர் பாத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது, சாப்பிட உக்காந்தா சண்டை. இப்ப வாட்ஸ்அப் வேற, ஒரு பேச்சுல பத்து செகண்ட் வெட்டி அனுப்பிடறாங்க, மீதி என்ன பேசினார்னு யாரும் தேடறதே இல்ல.

மாத்த வழி இல்லாம இல்லைங்க. நம்மள மாதிரியே, தொகுதியில அதிக ஓட்டு வாங்கினவர் மட்டும் ஜெயிக்கிற பிரிட்டிஷ் முறையில தேர்தல் நடத்திட்டிருந்த நியூசிலாந்து, 1993ல ஜனங்ககிட்டயே வாக்கெடுப்பு வெச்சு 1996ல இருந்து கட்சி வாங்கின ஓட்டுக்குத் தக்கபடி சீட் குடுக்குது. நம்ம சட்ட ஆணையமே 1999ல 170வது அறிக்கையில தொகுதி எம்.பி.க்களோட கட்சி ஓட்டு விகிதப்படியும் கொஞ்சம் பேரை சேக்கலாம்னு சொல்லிச்சு, ஆனா அது நடைமுறைக்கு வரல. ஆட்சி ஸ்திரமா இருக்காதுன்னு பயப்படுவாங்க, கொஞ்சம் நியாயம்தான், ஆனா பத்துல நாலு பேருக்கு வாயே இல்லாம போறதை விட அது ஒண்ணும் பெரிய ஆபத்து இல்ல.

அதுக்கு நாளாகும், சரி. சட்டசபையை லைவா காட்றதுக்கு என்ன தடை? 2022 ஜனவரியில கேள்வி நேரத்தைக் காட்ட ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம், பார்லிமெண்ட் மாதிரி நாள் முழுக்க வெட்டாம ஒட்டாம காட்டணும், எந்த ஆட்சி இருந்தாலும். உங்ககிட்டயும் ஒண்ணு கேக்குறேன், "அவையில் அமளி"ன்னு தலைப்பு போட்டு ரெண்டு போட்டோவோட நிறுத்தாம எதிர்க்கட்சி கேட்ட கேள்வியையும் அமைச்சர் சொன்ன பதிலையும் பக்கத்துல பக்கத்துல முழுசா போடுங்க. அரைப் பக்கம் ஆனாலும் பரவால்ல, நாங்க படிப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்