கோத்தகிரியிலிருந்து சாந்திக்கு

கோத்தகிரி,
புரட்டாசி மூன்றாம் வாரம்.

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுதியிருப்பேன். கொழுந்து பறிக்கிற வாரம் என்பதால் உட்கார நேரமில்லை. இன்றைக்கு மத்தியானமே பனிமூட்டம் இறங்கி, இரண்டு வரிசைக்கு அப்பால் செடி தெரியவில்லை. பறிக்க வந்த பெண்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். அடுப்பங்கரையில் சுக்குக் காப்பியோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாஸ்டன் பக்கத்து ஸ்டோவ் ஊருக்குப் போய் ஆப்பிள் பறித்ததை நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு அந்தத் தோட்டத்து வாசனையே வந்துவிட்டது. விழுந்து கிடக்கும் பழம், ஈரப் புல், பக்கத்தில் எங்கோ பொரிக்கிற ஆப்பிள் சாறு டோநட். இவ்வளவு பழத்தை இரண்டு பேர் எப்படித் தின்பது என்று கேட்டிருக்கிறாய். மக்கின்டாஷ் வகையை முதலில் காலி பண்ணு, அது சீக்கிரம் மாவாகிவிடும். கோர்ட்லண்ட் நறுக்கி வைத்தாலும் சட்டென்று கறுக்காது, அதை டப்பாவில் போட்டு அண்ணனுக்குக் கொடுத்தனுப்பு. மிச்சத்தைத் துருவி, நல்லெண்ணெய், வெந்தயம், மிளகாய்த்தூள் போட்டு மாங்காய்த் தொக்கு மாதிரியே கிண்டிவிடு. புளிப்பு போதாவிட்டால் கொஞ்சம் எலுமிச்சை பிழி. நாங்கள் அங்கே இருந்த ஐந்து வருடமும் தயிர்சாதத்துக்கு அதுதான்.

அப்புறம் நீ எழுதியிருந்த இன்னொரு விஷயம். நீண்ட வார இறுதிக்கு, இலை நிறம் மாறுவதைப் பார்க்க நியூ ஹாம்ப்ஷயர் போகலாம் என்று நீ சொன்னதற்கு, “நாம நீலகிரிக்காரங்க, பார்க்காத மலையா, பார்க்காத மரமா, லீவுல வீட்டுல இருப்போம்” என்று அண்ணன் சொன்னாராமே. முதல் வருடம் இவரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். 2011 அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறுகூட நாங்கள் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. நவம்பரில் ஒருநாள் சன்னலைத் திறந்தால் மரமெல்லாம் வெறும் குச்சி. அந்த நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் உன்னிடம் அழுத்திச் சொல்கிறேன்: போங்கள். மலைக்காரர்கள் என்பதாலேயே போக வேண்டும்.

அந்த நிறம் எந்த ஊரிலும் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மேல் உச்சத்தில் நிற்காது. வடக்கிலிருந்து தெற்கே இறங்கும், மலைமேலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும். செப்டம்பர் கடைசியில் கனடா எல்லைப் பக்கம் தொடங்கினால், நீங்கள் இருக்கும் பாஸ்டன் சுற்றுவட்டாரத்துக்கு வர அக்டோபர் கடைசி ஆகிவிடும். ஆகவே ஒரு வாரம் தவறிவிட்டால் முடிந்தது என்று இல்லை, கொஞ்சம் தெற்கே பார்த்துப் போனால் பிடித்துவிடலாம். பகல் குறையக் குறைய மரம் பச்சையம் செய்வதை நிறுத்திவிடுகிறது. அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அப்படி மறைந்திருந்ததில்லை. இலைக்குள் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து அந்தச் சில நாட்களில்தான் புதிதாக உண்டாகிறது. பகலில் பளிச்சென்ற வெயிலும், இரவில் உறையாத அளவுக்குக் குளிரும் சேர்ந்து வந்தால் அந்த வருடம் மேப்பிள் மரம் எரிகிற மாதிரி நிற்கும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நம் ஊரில் இத்தனை வருடம் கவனிக்காத ஒன்று என் கண்ணில் பட்டது. மாசி, பங்குனியில் லாங்வுட் சோலையைச் சாலையிலிருந்து பார்த்திருக்கிறாய் இல்லையா? மேலே மேலே செம்பு நிறமும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். நாம் அதைப் பூ என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறோம். அது பூ இல்லை, தளிர். காட்டு நாவல், காட்டு லவங்கம் போன்ற சோலை மரங்கள் துளிர்க்கும்போது இலை சிவப்பாகத்தான் வருகிறது, பிறகுதான் பச்சையாகிறது. அங்கே உதிரப் போகிற இலையில் ஊறுகிற அதே அந்தோசயனின் என்கிற சிவப்பு நிறமிதான் இங்கே பிறந்த இலையில் இருக்கிறது. இளம் தளிரை வெயில் வாட்டாமல் அது காக்கிறது என்கிறார்கள். ஊர் திரும்பிய வருடம் இதை முதன்முதலாகப் பார்த்து, பேருந்து நிறுத்தத்திலேயே நின்றுவிட்டேன். மசாசூசெட்ஸில் ஐந்து அக்டோபர் கழிக்காமல் இருந்திருந்தால், பிறந்து வளர்ந்த ஊரின் இந்தச் சிவப்பை நான் பார்க்காமலேயே இருந்திருப்பேன். அண்ணனிடம் இதை நான் சொன்னதாகச் சொல்.

சரி, எங்கே போவது? நீ கேட்ட காங்கமாகஸ் நெடுஞ்சாலை லிங்கனிலிருந்து கான்வே வரை சுமார் 55 கிலோமீட்டர். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது, போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. லிங்கனிலேயே டாங்கை நிரப்பிக்கொள். நீண்ட வார இறுதியில் அந்தச் சாலை மே மாதத்துப் பர்லியாறு வளைவுகள் மாதிரி வண்டி நெரிசலாகிவிடும். விடிவதற்கு முன் அங்கே இருக்கிற மாதிரி கிளம்புங்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போ. ஓடைக்கரைப் பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரில் இலை மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம், அந்தச் சாப்பாட்டை நானும் இவரும் இன்னும் பேசிக்கொள்கிறோம்.

மோனட்நாக் மலை ஏறப் போவதாக இருந்தால் ஒன்று கேள். 3,165 அடிதானே, நம் கோத்தகிரி கடைவீதியே அதைவிட உயரம் என்று நினைத்து, அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். உச்சியில் மொட்டைப் பாறை. சுற்றிலும் அடிவானம் வரை சிவப்பும் மஞ்சளும். பார்த்துக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டோம். பொழுது அங்கே நம் ஊர் மாதிரி ஆறரை வரை காத்திருக்காது, மரத்துக்குள் இறங்கியதும் இன்னும் சீக்கிரம் இருட்டிவிட்டது. பாறை மேல் விழுந்து நனைந்த இலை எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கியது. கையில் டார்ச் இல்லை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதி எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். அந்த அம்மா தன் தலையில் கட்டியிருந்த விளக்கைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, தன் கணவரின் வெளிச்சத்தில் நடந்தார். கீழே வரும்வரை எங்களை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து எந்த மலைக்குப் போனாலும் எங்கள் பையில் இரண்டு விளக்கு இருக்கும். நீயும் வைத்துக்கொள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதற்கப்புறம் நாலரைக்கே இருட்டு.

இங்கே அட்டை என்றால் அங்கே உண்ணி. அட்டை ரத்தம் குடித்துவிட்டு விழுந்துவிடும். அந்த உண்ணி லைம் நோயைக் கொடுக்கும், குளிர் வந்த பிறகும் உயிரோடு திரியும். பேண்டைச் சாக்சுக்குள் விட்டுக்கொள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் தேடிப் பார். நவம்பரில் மான் வேட்டை மும்முரமாகிவிடும் என்பதால் காட்டுக்குள் போனால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டுக்குள் நடக்கும்போது இடுப்பளவு உயரத்தில் கல் சுவர்கள் வரும், பார். ஆள் நடமாட்டமே இல்லாத நடுக்காட்டில் கரையாக அடுக்கிய கல். யாருக்கு வேலி என்று முதலில் எனக்குப் புரியவில்லை. விசாரித்தால், அதெல்லாம் ஒரு காலத்தில் வயலும் ஆட்டு மேய்ச்சலுமாம். மரத்தை வெட்டி, மண்ணிலிருந்து கல்லைப் பொறுக்கி, எல்லையாக அடுக்கியிருக்கிறார்கள். பிறகு மேற்கே நல்ல மண் கிடைத்ததும் நிலத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காடு தானாகத் திரும்பி வந்துவிட்டது. வடக்கே வெள்ளை மலைப் பக்கம் மரக் கம்பெனிகள் மொட்டையடித்து, தீப்பிடித்து, கீழே ஆறுகளில் வெள்ளம் வந்த பிறகு, அரசாங்கமே நிலத்தை விலைக்கு வாங்க 1911-இல் சட்டம் போட்டு, 1918-இல் அதைத் தேசியக் காடாக அறிவித்தார்கள். இன்றைக்கு நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தில் நான்கு பங்கு காடு. நீ இப்போது பார்த்து வியக்கிற சிவப்பெல்லாம் அப்படித் திரும்பி வந்தது.

அந்தச் சுவரில் உட்கார்ந்து நான் நம் மலையைத்தான் நினைத்தேன். சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் தேயிலை, யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரம், வாட்டில் என்கிற சீகை. என் வீட்டுச் சோறும் அந்தத் தேயிலையில்தான் வருகிறது, அதை மறந்து பேசவில்லை. ஆனால் சோலை வெட்டினால் கல் சுவரைத் தாண்டி வருகிற மாதிரி நூறு வருடத்தில் திரும்பி வராது. சீகையும் லந்தானா என்கிற உண்ணிச்செடியும் முந்திக்கொள்கின்றன. அதனால்தான் லாங்வுட் மாதிரி மிஞ்சியிருக்கிற 116 ஹெக்டேர் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தேய்ந்துகொண்டிருந்த சோலையை ஊர்க்காரர்கள் வனத்துறையோடு சேர்ந்து நின்று காப்பாற்றினார்கள். 2024-இல் அதை முக்கியமான ஈரநிலங்களுக்கான உலக ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். கீழே இருக்கிற கிராமங்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது.

நியூ ஹாம்ப்ஷயரின் வாஷிங்டன் மலை ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கே மனசு ஆறாது. அண்ணனுக்கு ரயில் பிடிக்கும் அல்லவா, கட்டாயம் கூட்டிப் போ. 1869-இல் தொடங்கிய பல்சக்கர ரயில், மலையேறும் ரயில்களில் அந்த வகைக்கு அதுதான் முதல். நம் மேட்டுப்பாளையம் குன்னூர் ரயில் அதற்குச் சரியாக முப்பது வருடம் கழித்து, 1899-இல் வந்தது. பல்சக்கர அமைப்பு வேறு வேறு, அந்தப் பாதை நம்முடையதைவிட பல மடங்கு செங்குத்து. ஆனால் பல் பிடித்து ஏறும்போது அடியிலிருந்து வருகிற அந்தக் கடகட சத்தம் கல்லாறு தாண்டியதும் வருகிற சத்தம்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. மேலே நல்ல கம்பளிச் சட்டை வேண்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதன் உச்சியில் மரம் நிற்கிறது. வாஷிங்டன் மலை 1,917 மீட்டர்தான், உச்சியில் ஒரு மரமும் கிடையாது. 1934 ஏப்ரலில் அங்கே மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று அடித்ததாக அளந்திருக்கிறார்கள்.

இப்போது இங்கே நாங்கள் செய்வதைக் கேள். திரும்பி வந்ததிலிருந்து சனிக்கிழமை காலை எங்களுக்கு நடை நாள். மழையானாலும் குடையோடு போவோம். போன வாரம் கோடநாடு போனோம். கீழே மோயாறும் தெங்குமரகடா கிராமமும் துடைத்து வைத்த மாதிரி தெரிந்தன, ரங்கசாமி மலையும் பளிச்சென்று இருந்தது. அதற்கு முந்தின வாரம் கன்னேரிமுக்கில் அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் கட்டிய பழைய பங்களா வரை நடந்தோம். வழியில் காட்டெருமைகள் ஐந்து தேயிலைக்குள் நின்றன, முக்கால் மணி நேரம் காத்திருந்து சுற்றிப் போனோம். இன்னும் இரண்டு வாரத்தில் ஐப்பசி. நம் தமிழய்யா சொல்லித் தந்தது நினைவிருக்கிறதா? குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும். கூதிர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. இலையுதிர்காலம் என்று ஒன்று அந்த ஆறு பொழுதிலும் இல்லை, ஆனால் அங்கே இலை உதிர்கிற அதே மாதங்களைத்தான் நம்மவர்கள் மலைக்குரிய பொழுது என்று வைத்திருக்கிறார்கள். அப்போது வீட்டுக்குள் உட்கார எனக்கு இப்போதெல்லாம் மனசு வருவதில்லை.

மற்றபடி, அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. தேயிலை விலைதான் வழக்கம்போல ஏறி இறங்குகிறது. உன் அம்மாவை ஞாயிறு சந்தையில் பார்த்தேன், நன்றாக இருக்கிறார்கள், உன் போனுக்கு வியாழக்கிழமையெல்லாம் காத்திருக்கிறார்களாம்.

மாசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். தேதி முடிவானதும் சொல், லாங்வுட்டுக்குள் போக இவர் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைப்பார். எனக்கு நீ வேறு எதுவும் வாங்கி வரவேண்டாம். காங்கமாகஸ் ஓடைக்கரையில் ஒரு சிவப்பு மேப்பிள் இலை எடுத்து, இரண்டு வாரம் கனமான புத்தகத்துக்குள் வைத்து அனுப்பு. நான் கொண்டுவந்தது பொடிந்துபோய்விட்டது. உறையில் வைக்கும்போது இரண்டு பக்கமும் அட்டை வை, இல்லாவிட்டால் நுனி உடைந்துவிடும்.

அன்புடன்,
கோமதி