பால் ஸ்கோஃபீல்டு காணாமல் போனவர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்கர் விருது பெற்ற நடிகர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஆனால் ஆங்கிலேய நடிகர் பால் ஸ்கோஃபீல்டுக்கு நீங்கள் ஒதுக்கிய அந்த ஒற்றை வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'விருது வாங்கினார், அப்புறம் ஆளையே காணோம்' என்கிற தொனியில் இருந்தது. சினிமாவை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவரோ விருது வாங்கிய பிறகு தான் எங்கிருந்து வந்தாரோ அந்த நாடக மேடைக்கே திரும்பிப் போனார். அதைக் காணாமல் போவது என்று எப்படிச் சொல்வது?

1922-இல் பிறந்தவர்; தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஹர்ஸ்ட்பியர்பாயிண்ட் என்ற கிராமத்தில் வளர்ந்தவர். அப்பா உள்ளூர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர். பிரைட்டனில் பள்ளிக்கூட நாடகத்தில் ஜூலியட்டாக ஸ்திரீபார்ட் போட்டதுதான் தொடக்கம். போர்க்காலத்தில் அவரைப் படையில் எடுத்துக்கொள்ளவில்லை. கால்விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்ததால் ராணுவ பூட்ஸ் மாட்ட முடியாதாம். போர் முடிகிற நேரத்தில் பர்மிங்ஹாம் நாடகக் குழுவில் பீட்டர் புரூக் என்ற இருபது வயது இயக்குநரோடு சேர்ந்தார். அந்தக் கூட்டு நாடக உலகையே திருப்பிப் போட்டது. 1955-இல் இருவரும் ஹாம்லெட்டை மாஸ்கோ வரை கொண்டுபோனார்கள்.

1962-இல், ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் அவருடைய 'கிங் லியர்' நாடகத்தைப் போட்டபோது ஸ்கோஃபீல்டுக்கு நாற்பது வயதுதான். எண்பதைத் தாண்டிய கிழட்டு ராஜாவின் வேடம். வெள்ளைத் தாடியும் கண்ணீருமாகப் பாவப்பட்ட தகப்பனைக் காட்டுவதுதான் அதுவரை வழக்கம். இவர் காட்டியது முரட்டுப் பிடிவாதக்காரரான ஒரு போர்வீரக் கிழவரை. பரிவாரத்தோடு மூத்த மகள் வீட்டில் தங்கி அதட்டி உருட்டுகிறார். கோபம் வந்ததும் சாப்பாட்டு மேசையைத் தூக்கிக் கவிழ்க்கிறார். கூட வந்த வீரர்களும் வீட்டை நாசம் செய்கிறார்கள். இப்படி ஒரு அப்பாவை வைத்துக்கொண்டு அந்த மகள்தான் என்ன செய்வாள் என்று அன்றைய விமர்சகர்களே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்படி யோசிக்க வைத்துவிட்டு, அதே மனிதர் புயலில் சித்தம் கலங்கி நிற்கும்போது நம்மைக் கலங்கடிப்பதுதான் நடிப்பு. இந்த நாடகத்தோடு குழு கிழக்கு ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போனபோது, புடாபெஸ்டுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவில் நடந்த காட்சிகள்தான் மிகச் சிறந்தவை என்று புரூக் பின்னாளில் எழுதினார். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாது. 2004-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் நடிகர்களிடம் வாக்கெடுத்தபோது, ஷேக்ஸ்பியர் பாத்திரங்களில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த நடிப்பு என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது இந்த லியரைத்தான்.

சரி, நீங்கள் குறிப்பிட்ட ஆஸ்கருக்கு வருகிறேன். அதை வாங்கித் தந்த 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' படம் முதலில் ராபர்ட் போல்ட் எழுதிய நாடகம். 1960-இல் லண்டனில் ஸ்கோஃபீல்டு அதில் தாமஸ் மோராக நடித்தார். பிறகு நியூயார்க் போய் அதே வேடத்துக்கு, அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருதும் வாங்கினார். படமாக்கும்போது இன்னும் பிரபலமான முகம் வேண்டும் என்ற பேச்சு இருந்தது. இயக்குநர் ஃபிரெட் ஜின்னமன் இவர்தான் வேண்டும் என்று நின்றார்.

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னனின் திருமணத்துக்காகவும் திருச்சபைத் தலைமைக்காகவும் தன் மனசாட்சியை விட்டுக்கொடுக்க மறுத்து, 1535-இல் தலை வெட்டப்பட்டவர் தாமஸ் மோர். படத்தில் விசாரணைக் காட்சியை மறுபடி பாருங்கள். ஒரு காலத்தில் தன்னிடம் வேலை கேட்டு வந்த ரிச்சர்ட் ரிச் என்ற இளைஞன் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு இறங்குகிறான். மோர் அவனைத் திட்டவில்லை. கழுத்தில் கிடக்கும் பதவிச் சங்கிலியைப் பார்க்கலாமா என்று கேட்கிறார். கையில் ஏந்திப் பார்க்கிறார். வேல்ஸ் பகுதிக்கு அட்டர்னி ஜெனரல் பதவி என்று தெரிகிறது. உலகம் முழுவதையும் கொடுத்தாலும் ஆன்மாவை விற்பதில் லாபம் இல்லையே, நீ வேல்ஸுக்காகவா விற்றாய் என்று கேட்கிறார். அந்தக் குரலில் கோபத்தைவிட இரக்கம்தான் அதிகம். குரலை ஏற்றவே இல்லை. தன்னைச் சாவுக்கு அனுப்பியவன் மீது ஒரு மனிதனுக்கு இவ்வளவு பரிதாபம் வருமா என்று அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

விருது விழாவுக்கு அவர் போகவே இல்லை. படத்தில் மனைவியாக நடித்த வெண்டி ஹில்லர்தான் மேடையேறி வாங்கிக்கொண்டார். 1969-இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் வந்தது. டோனி, ஆஸ்கர், எம்மி மூன்றும் ஏழே ஆண்டுகளில்! ஹாலிவுட்டில் வீடு வாங்கிக் குடியேற வேறென்ன வேண்டும்? வளர்ந்த ஊருக்குப் பக்கத்திலேயே பால்கோம்ப் கிராமத்தில்தான் கடைசிவரை இருந்தார். மனைவி ஜாய் பார்க்கரும் நடிகைதான். 1943-இல் திருமணமாகி, 2008-இல் ஸ்கோஃபீல்டு இறக்கும்வரை நீடித்த இல்லறம் அது.

1979-இல் 'அமதேயுஸ்' நாடகம் லண்டன் நேஷனல் தியேட்டரில் முதன்முதலாக அரங்கேறியபோது, மொசார்ட் மீது பொறாமைப்படும் இசையமைப்பாளர் சாலியேரியாக நடித்தது இவர்தான். அது நியூயார்க் போனபோது இவர் போகவில்லை. அங்கே அந்த வேடத்தில் இயன் மெக்கெல்லன் டோனி வாங்கினார், படத்தில் எஃப். முர்ரே ஆபிரகாம் ஆஸ்கர் வாங்கினார். அதற்கெல்லாம் இவர் வருத்தப்பட்டதாக எங்கும் படித்ததில்லை. சர் பட்டம் தேடி வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாங்கிக்கொள்பவர்கள் மீது தனக்கு மரியாதை உண்டு, ஆனால் தனக்கு அது தேவைப்படவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். மறுத்ததைப் பெருமையாக விளம்பரம் செய்துகொள்ளாத அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

வயதான பிறகு நடித்த படங்களையும் கட்டுரை தொடவில்லை. 1994-இல் வந்த 'குவிஸ் ஷோ'வில் பேராசிரியர் மார்க் வான் டோரன். தொலைக்காட்சிப் போட்டியில் விடைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஜெயித்ததை மகன் ஒப்புக்கொள்ளும்போது, உன் பெயர் என் பெயரும்தானே என்று வெடிக்கிறார். படம் முழுக்கச் சாந்தமாக இருந்தவர் அந்த ஓரிடத்தில் நம்மைத் தூக்கிவாரிப் போட வைக்கிறார். இந்த வேடத்துக்கு மறுபடி ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து, சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி நடத்திய வழக்குகளைப் பற்றிய 'தி குருசிபிள்' படத்தில் நீதிபதி டான்ஃபோர்த்தாக நடித்து, பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா பெற்றார். மோரைச் சாகடித்த நீதிமன்றத்தின் மறுபக்கத்தில், தான் செய்வதே நியாயம் என்று நம்பி அப்பாவிகளைத் தூக்குக்கு அனுப்புகிற மனிதராக அவரைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

தொடரின் அடுத்த பகுதியில் இவருக்கு ஒரு பக்கமாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மேடையில் நடித்தது நம் கைக்கு எட்டாது என்றாலும், புரூக் டென்மார்க்கில் எடுத்த 1971-ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளை 'கிங் லியர்' இருக்கிறது. எண்பது வயதில் அதே லியருக்கு மறுபடி குரல் கொடுத்த ஒலிப்பதிவும் இருக்கிறது. இரண்டையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருநெல்வேலி