மூன்று ஸ்பைடர்மேன்களும் உன் சின்னவனின் கேள்வியும்

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன். கொஞ்ச நாளைக்குக் குனிந்து வேலை செய்யக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அம்மா கேட்கமாட்டார்கள், நீதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம். மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த மாடி அறைக்குத் தட்டோடு பதித்தாயிற்று. அந்த அறையைக் காலி செய்தபோது பரணிலிருந்து நம் பழைய காமிக்ஸ் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டி இறங்கியது. இரும்புக்கை மாயாவி இருக்கிறார், ஸ்பைடர் இருக்கிறார். ஓரங்களைச் செல் அரித்திருக்கிறது, ஆனால் அட்டைகளின் சிவப்பும் மஞ்சளும் அப்படியே இருக்கின்றன.

பெட்டி இறங்கிய அதே வாரத்தில் உன் சின்னவனின் கேள்வியும் வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். "அவெஞ்சர்ஸ் படத்து வில்லன் தானோஸை எதிர்க்க அத்தனை பேர் வருகிறார்களே, பேட்மேன் ஏன் வரவில்லை? ஸ்பைடர்மேன் மட்டும் எப்படி மூன்று பேர்? எல்லாப் படமும் ஒரே உலகத்தில்தான் நடக்கிறதா, இல்லையா?" நல்ல கேள்விகள். நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், நீ அவனுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொள்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. பேட்மேனும் சூப்பர்மேனும் டிசி காமிக்ஸின் பிள்ளைகள். அயர்ன்மேன், ஹல்க், ஸ்பைடர்மேன் எல்லாம் மார்வெலின் பிள்ளைகள். இரண்டும் போட்டிக் கம்பெனிகள். 1976இல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் சந்திக்கும் சிறப்பிதழ் ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் காகிதத்தில் சில தடவை நடந்திருக்கிறது. திரையில் இதுவரை இல்லை.

மார்வெலுக்குள்ளாவது எல்லாம் ஒரே உலகமா என்றால், காமிக்ஸில் ஆமாம். 1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நால்வர் அணியின் முதல் இதழ் வந்ததிலிருந்து ஸ்டான் லீ, ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் பெரும்பாலான கதைகளை உருவாக்கினார்கள். கற்பனை ஊர் எதுவும் வேண்டாம் என்று தங்கள் நியூயார்க்கையே நாயகர்களுக்கும் ஊராக்கினார்கள். ஒரே ஊரில் இருப்பவர்கள் தெருவில் எதிர்ப்படாமல் இருப்பார்களா? 1963இல் ஸ்பைடர்மேனின் பெயரிலேயே தொடங்கிய தனி இதழின் முதல் எண்ணில், வீட்டில் காசில்லாத பீட்டர் பார்க்கர், அதாவது ஸ்பைடர்மேன், வேலை கேட்டு ஃபென்டாஸ்டிக் ஃபோர் இருக்கும் கட்டடத்துக்குப் போகிறான். அங்கே சம்பளம் என்று எதுவும் கிடையாது என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிடுகிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இரண்டு கதைகளைச் சேர்த்துவைத்தது உலகத்துக்கு வந்த ஆபத்து எதுவும் இல்லை, ஒரு பையனின் பணக் கஷ்டம்.

அப்புறம் சினிமாவில் ஏன் சிதறிப்போனது? கடன். 1990களில் காமிக்ஸ் விற்பனை சரிந்து, 1996இல் மார்வெல் திவால் நோட்டீஸ் கொடுக்கும் நிலைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டில்தான் நாயகர்களின் சினிமா உரிமை, பாகப்பிரிவினையில் வயலைத் துண்டு போட்ட மாதிரி, ஆளுக்கொரு கைக்குப் போனது. எக்ஸ்-மென்னும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் ஃபாக்ஸுக்கு. ஸ்பைடர்மேன் சோனிக்கு. ஹல்க் யுனிவர்சலுக்கு. 2000இல் எக்ஸ்-மென் படம் வந்தது, 2002இல் டோபி மக்வையர் நடித்த ஸ்பைடர்மேன் வந்தது. அந்த எக்ஸ்-மென் உலகத்தில் ஸ்பைடர்மேன் பிறக்கவே இல்லை. கதை எழுதியவர்கள் எடுத்த முடிவில்லை இது, பத்திரத்தில் இருந்த எல்லைக்கோடு.

கையில் மிச்சமிருந்தவர்களை அன்றைக்கு இரண்டாம் வரிசை நாயகர்கள் என்றுதான் நினைத்தார்கள். 2005இல் மார்வெல் அவர்களில் பத்துக் கதாபாத்திரங்களின் சினிமா உரிமையை அடமானம் வைத்து 52.5 கோடி டாலர் கடன் வசதி ஏற்பாடு செய்துகொண்டு, சொந்தமாகப் படம் எடுக்க இறங்கியது. படம் ஓடாவிட்டால் பிள்ளைகளும் போயிருப்பார்கள். 2008இல் அயர்ன்மேன் வந்தது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் இருட்டிலிருந்து வந்து, இந்த உலகத்தில் நீ ஒருவன் மட்டும் இல்லை என்று அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கிடம் சொல்வார். நான் தியேட்டரில் அதைப் பார்க்கவில்லை. வண்டியை எடுக்க அவசரமாக வெளியே வந்துவிட்டேன். நீ போன் செய்து சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரு நிமிடக் காட்சியிலிருந்துதான் 2012இல் மார்வெல் நாயகர்கள் ஒன்றுசேரும் அவெஞ்சர்ஸ் வந்தது, 2019இல் இருபத்திரண்டாவது படமாக எண்ட்கேம் வந்தது.

தையல் தெரிந்த இடங்களும் உண்டு. குவிக்சில்வர் என்ற வேகக்காரன் மேல் ஃபாக்ஸுக்கும் உரிமை இருந்தது, மார்வெலுக்கும் இருந்தது. 2014இல் எக்ஸ்-மென் படத்தில் ஒரு நடிகர், 2015இல் அவெஞ்சர்ஸ் படத்தில் வேறொரு நடிகர். அவெஞ்சர்ஸ் படத்தில் அவனையும் அவன் தங்கை வாண்டாவையும் மியூட்டன்ட், அதாவது பிறவியிலேயே சக்தி உள்ளவர்கள், என்று சொல்ல வழியில்லை, அந்தச் சொல் ஃபாக்ஸ் பக்கத்தில் இருந்தது.

அதே 2015இல் சோனி ஸ்பைடர்மேனைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தது. மறு ஆண்டே டாம் ஹாலண்ட் புதிய ஸ்பைடர்மேனாக அவெஞ்சர்ஸ் கூட்டத்தில் வந்து நின்றார். 2019இல் டிஸ்னி ஃபாக்ஸையே வாங்கிவிட்டது. மார்வெலை அதற்குப் பத்தாண்டு முன்பே வாங்கியிருந்தது.

சரி, இப்போது மூன்று ஸ்பைடர்மேன்கள். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். டோபி மக்வையருக்கும் டாம் ஹாலண்டுக்கும் நடுவில் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் ஸ்பைடர்மேனாக இரண்டு படம் நடித்தார், 2012இலும் 2014இலும். இரண்டாவதன் கடைசியில் அவன் காதலி க்வென் மணிக்கூண்டுக்குள் விழுகிறாள். வலை அவளைப் பிடிக்கிறது, ஆனால் ஒரு நொடி தாமதம். அவள் இறந்துபோகிறாள். படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை, மூன்றாவது படம் வரவே இல்லை. அந்தப் பையனின் துக்கம் அந்தரத்தில் நின்றுபோனது. புதுப் பையன், புதுப் படம் என்று எல்லாரும் நகர்ந்துவிட்டோம்.

2021 டிசம்பரில் என் மகளோடு டாம் ஹாலண்டின் மூன்றாவது ஸ்பைடர்மேன் படமான நோ வே ஹோம் பார்க்கப் போனேன். வெவ்வேறு உலகங்களிலிருந்து பழைய இருவரும் வந்து சேர்கிறார்கள். சுதந்திர தேவி சிலையின் சாரத்திலிருந்து டாம் ஹாலண்டின் காதலி எம்ஜே விழுகிறாள். அவன் பாய்கிறான், பகைவன் குறுக்கே வந்து அவனைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறான். அப்போது பின்னாலேயே குதிப்பவர் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். இந்தத் தடவை பிடித்துவிடுகிறார். தரையில் இறக்கிவிட்டு, நீ நலமா என்று கேட்கிறார். அவள் நலம். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் நலமா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். அவரால் பேச முடியவில்லை, தலையை மட்டும் அசைக்கிறார். என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருடம் முன்பு அந்தப் பழைய படத்தைப் பார்த்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, வீட்டுக்கு வரும்வரை பேசாமல் வந்தாள். அவளுக்கு அன்றைக்குக் கிடைக்காத ஆறுதல் இன்னொரு கதையின் வழியாக இத்தனை நாள் கழித்து வந்தது.

அதனால் உன் மகன் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: சினிமாவில் முதலில் ஒரே உலகமாக இல்லை, பிறகு சேர்ந்துகொண்டது. நம் ஊரில் இது புதிதா என்ன? வியாசர் பாரதத்தில் மதுரையை ஆண்ட அல்லி அரசாணி கிடையாது. ஆனால் அல்லி கதை கேட்டு வளர்ந்த நம் பாட்டிகளுக்கு அவள் அர்ஜுனன் பெண்சாதிதான். அந்த உறவில் உயிர் இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள்.

உயிர் இல்லாமல் ஒட்டவைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2022இல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் வாண்டா ஏன் தன் பிள்ளைகளைத் தேடிப் பல உலகம் அலைகிறாள் என்று புரிய, அதற்கு முந்தின ஆண்டு ஓடிடியில் வந்த ஒன்பது பகுதித் தொடரைப் பார்த்திருக்க வேண்டும். டிக்கெட் வாங்கி உட்காருபவனிடம் அவ்வளவு கேட்பது நியாயமில்லை. டிசி பக்கம் 2019இல் வந்த ஜோக்கரும் 2022இல் ராபர்ட் பாட்டின்சன் நடித்த பேட்மேன் படமும் யாரோடும் சேராமல் தனித்து நிற்கின்றன. அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. 2025இல் ஜேம்ஸ் கன் புதிய சூப்பர்மேனை வைத்து டிசி உலகத்தைத் திரும்ப அடியிலிருந்து கட்டத் தொடங்கியிருக்கிறார். பொறுத்துப் பார்ப்போம்.

இன்னொரு செய்தி, இது உனக்கு மட்டும். நம் இரும்புக்கை மாயாவியும் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரும் இங்கிலாந்தின் வார இதழ்களிலிருந்து வந்தவர்கள்தானே. 2005இல் ஆலன் மூர் என்ற காமிக்ஸ் எழுத்தாளர் கதை அமைத்துக் கொடுக்க, அந்தப் பழைய பிரிட்டிஷ் நாயகர்களை ஒரே உலகத்தில் வைத்து ஆல்பியன் என்ற தொடர் வந்தது. அதில் இருவருமே இருக்கிறார்கள். வாடகைப் புத்தகக் கடை வாசற்படியில் உட்கார்ந்து, இவர்கள் மோதினால் யார் ஜெயிப்பார் என்று நாம் சண்டை போட்டோமே. எங்கேயோ ஒருவரும் அதே மாதிரி யோசித்திருக்கிறார்.

சின்னவனுக்கு வரிசை கேட்டிருந்தாய். முதலில் டோபி மக்வையரின் 2002, 2004 படங்கள். அப்புறம் ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் இரண்டும், அந்த மணிக்கூண்டுக் காட்சிக்கு நீ பக்கத்தில் இரு. அதன் பிறகு டாம் ஹாலண்டின் முதல் இரண்டு படங்கள். நோ வே ஹோம் மட்டும் இப்போது வேண்டாம். பொங்கல் லீவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா, இங்கே சேர்ந்து பார்க்கலாம். தகரப் பெட்டியைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
முருகேசன்