நானே எழுதிய வசனம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தியானம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மனதைக் காலியாக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது ஒருநாளும் கைவந்ததில்லை, காலி செய்த இடத்தில் முதல் ஆளாக வந்து உட்காருவது என் மேலதிகாரிதான். கிறிஸ்தவர்கள் தியானம் என்று சொல்வது வேறு மாதிரி, அதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டுமே என்று எழுதுகிறேன்.

பைபிளில் உள்ள பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தின் முதல் பாட்டில் 'இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்' என்று வருகிறதே, அங்கே மூலமொழியான எபிரேயத்தில் உள்ள சொல் முணுமுணுப்பதைக் குறிக்கும். பைபிளிலேயே ஏசாயா என்ற புத்தகத்தில் 31:4-ல் (31-ஆம் அதிகாரம், 4-ஆம் வசனம்) இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், 38:14-ல் புறா புலம்புவதற்கும் அதே வினைச்சொல்தான். யோசுவா புத்தகம் 1:8 இன்னும் வெளிப்படை, வேதம் 'உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக' என்கிறது. ஆக, மாடு அசைபோடுகிற மாதிரி ஒரே வசனத்தை நாள் முழுக்க வாயில் போட்டு மெல்லுகிற வேலை.

நான் தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறவன். போன வருடம் ஆபீசில் மேலதிகாரியோடு ஒரு தகராறு. அதற்கப்புறம் வண்டி பல்லாவரம் தாண்டுவதற்குள் மனதுக்குள் பஞ்சாயத்து கூடிவிடும், அவர் இப்படிக் கேட்பார், நான் நறுக்கென்று ஒன்று சொல்வேன், அவர் வாயடைத்து நிற்பார், எழும்பூர் வரைக்கும் இதே ஓட்டம், இறங்கும்போது நிஜமாகவே சண்டை போட்ட களைப்பு இருக்கும். நினைக்காதே நினைக்காதே என்று சொல்லிக்கொண்டால் இன்னும் அதிகமாகத்தான் நினைப்பு வந்தது.

சரி என்று பைபிளில் பிலிப்பியர் 4:8 வசனத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி போன் கவருக்குள் செருகினேன். இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல், காவலில் இருந்தபோது பிலிப்பி ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய நிருபம், அதாவது கடிதம், அது. எவைகளைச் சிந்திக்க வேண்டும் என்ற வரிசையில் முதலில் நிற்பது 'உண்மையுள்ளவைகளெவைகளோ'. நாலைந்து நாள் அந்த ஒரு சொல்லைத் தாண்ட முடியவில்லை. ஏனென்றால், ரயிலில் நான் கேட்டுக்கொண்டிருந்த பேச்சில் முக்கால்வாசியை அந்த மனிதர் சொல்லவே இல்லை, சினிமாக்காரன் மாதிரி அவருக்கும் நானே வசனம் எழுதி, அதற்கு நானே கோபப்பட்டிருக்கிறேன்!

எங்களவர்கள் மேல் ஒரு குறையும் உண்டு, என்னையும் சேர்த்துத்தான். விடியற்காலையிலேயே ரோஜாப்பூ படத்தோடு வாட்ஸ்அப்பில் வசனம் வந்து விழுகிறது, உடனே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கான வசனம் என்று எடுத்த வாக்குத்தத்த அட்டையில் என்ன இருந்தது என்று பிப்ரவரியில் கேட்டால் முழிப்போம். ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியதோடு சரி.

இன்னொன்று, தூக்கமே இல்லாமல் வாழவே பிடிக்காமல் தவிக்கிறவரிடம் ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், அவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

மேலதிகாரி அப்படியேதான் இருக்கிறார். சீட்டு வியர்வையில் நைந்து மடிப்பில் கிழிந்துவிட்டது, வேறு எழுதி வைத்திருக்கிறேன். இப்போது 'அன்புள்ளவைகளெவைகளோ'வில் நிற்கிறேன், சைதாப்பேட்டையில் கூட்டம் ஏறிக் காலை மிதிக்கிற நேரத்தில் அது அவ்வளவு லேசாக இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாம்பரம், சென்னை.